போர்டை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்

சென்னைத் தலைமை அலுவலகத்தில் டெலிவரிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, காரைக்குடிக் கிளையில் ஸ்க்ரம் முறையில், அதாவது மென்பொருளைக் குறுகிய சுற்றுகளாகச் செய்யும் முறையில், வேலை செய்யும் குழு ஒன்றிலிருந்து:

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு குழுவின் ஜிரா போர்டும் (எந்த வேலை எந்த நிலையில் என்று வரிசை வரிசையாகக் காட்டும் கணினிப் பலகை) உண்மை நிலையைக் காட்டுவதற்கு ஸ்க்ரம் மாஸ்டர் (குழு ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவுபவர்) ஒருவரே பொறுப்பு என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். தினமும் மாலை ஆறு மணிக்குள் எல்லா டிக்கெட்டையும், அதாவது வேலைக்கொன்றாக போர்டில் இருக்கும் அட்டையை, அவர் விசாரித்து நகர்த்தி வைக்க வேண்டும். அதையே ஒரு எக்செல் ஷீட்டாகச் சென்னைக்கும் அனுப்ப வேண்டும். போர்டு பழையதாகக் கிடந்தால் அவருடைய வருடாந்தர மதிப்பீட்டில் புள்ளி குறையும். இந்த ஏற்பாட்டை எங்களால் ஏற்க முடியவில்லை. எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், ஏழு டெவலப்பர்கள் என ஒன்பது பேரும் சேர்ந்து எழுதுகிறோம். ஸ்க்ரம் மாஸ்டர் தன் சுமையைக் குறைத்துக்கொள்ள எங்களைத் தூண்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் இதில் கடைசியாகத்தான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கத் தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். போர்டில் ‘முடிந்தது’ வரிசையில் இருந்த வேலை வாடிக்கையாளர் கைக்குப் போனபோது முடிந்திருக்கவில்லை. ஒருமுறை அல்ல. டிக்கெட்டை நகர்த்தாமல் மூன்று நாள், நான்கு நாள் விட்டதும் உண்டு. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்தில்தான் கோளாறு.

எங்கே கோளாறு என்பதை ஒரே ஒரு டிக்கெட்டை வைத்துப் பாருங்கள். ரசீதை பிடிஎஃப் ஆக இறக்கும் வசதி என்று வைத்துக்கொள்வோம். காலை 10.20க்கு ஒரு டெவலப்பர் தொடங்குகிறார். 12.40க்கு எழுதி முடித்து, இன்னொருவர் சரிபார்க்க ரிவ்யூவுக்குப் போடுகிறார். ரிவ்யூ செய்ய வேண்டியவர் லைவில், அதாவது வாடிக்கையாளர் பயன்பாட்டில், வந்த வேறொரு கோளாறில் மாட்டிக்கொண்டிருக்கிறார். 4 மணி வரைக்கும் யாரும் அதைத் திறக்கவில்லை. திறந்தவர் 4.10க்கு இரண்டு திருத்தம் சொல்கிறார். 5.30க்கு ஸ்க்ரம் மாஸ்டர் வந்து நிற்கிறார். “ரிவ்யூல கெடக்குண்ணே” என்று பதில். அவர் டிக்கெட்டை ‘செய்ய வேண்டியவை’யிலிருந்து ‘நடக்கிறது’க்கும், உடனே அங்கிருந்து ‘ரிவ்யூ’வுக்கும் இரண்டு இழுப்பில் கொண்டுபோய் வைக்கிறார்.

சுற்றறிக்கைப்படி போர்டு இப்போது சரி. ஆனால் ஜிரா நேரத்தைக் கணக்கிடுவது, டிக்கெட் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்த கணத்தை வைத்து. அதன் கணக்கில் இந்த வேலை மாலை 5.30க்குத் தொடங்கி, சில நொடிகளில் முடிந்து, ரிவ்யூவுக்குப் போய்விட்டது. எழுதிய 2 மணி 20 நிமிடமும் காணோம். யாரும் தொடாமல் கிடந்த 3 மணி 20 நிமிடமும் காணோம். உங்களுக்கும் எங்களுக்கும் உண்மையில் வேண்டிய தகவல் இந்த இரண்டாவதுதான். 12.40க்கே டிக்கெட் நகர்ந்திருந்தால், சாப்பிட்டுவிட்டு வந்த யாராவது ஒருவர் ‘இது சும்மா கெடக்கே’ என்று எடுத்திருப்பார். மாலையில் நகர்த்தினால் அது நடந்துபோனதைச் சொல்லும் பதிவு மட்டும்தான்.

இதே பழக்கம் ஸ்பிரிண்ட் என்ற பத்து வேலைநாள் சுற்று முழுக்க நடந்தால் சார்ட்டுகள் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை வேலை என்று நாள்வாரியாகக் காட்டும் க்யூமுலேட்டிவ் ஃப்ளோ சார்ட்டில் கோடுகள் சரிவாக ஏறாமல் தினமும் மாலையில் படிக்கட்டு மாதிரி எகிறும். சைக்கிள் டைம், அதாவது ஒரு வேலை தொடங்கி முடிய ஆகும் நேரம், ஒரு நாளுக்குள் முடிந்த எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தை ஒட்டி வரும். எந்த வரிசையில் வேலை தேங்குகிறது என்ற கேள்விக்கு ‘எங்கேயும் இல்லை’ என்று பதில் வரும். டிக்கெட்டின் வரலாற்றுப் பக்கத்தில் எல்லா அசைவும் ஸ்க்ரம் மாஸ்டர் பெயரில் இருக்கும். ஆறு மாதம் கழித்து, ‘இதை எப்போது, யார் எடுத்தார்கள்’ என்று தேடினால் ஒன்றும் பெயராது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஏழு பேரிடம் ஆளுக்கு எட்டு நிமிடம் விசாரித்தால் 56 நிமிடம். பத்து நாளைக்கு 9 மணி 20 நிமிடம். ஒரு முழு வேலைநாளுக்கும் மேல். இதில் எதிரே உட்கார்ந்து பதில் சொல்பவர்களின் நேரமும், கவனம் கலைந்த பிறகு மறுபடி புரோகிராம் கோடுக்குள் போக ஆகும் நேரமும் சேரவில்லை. டிக்கெட்டை வைத்திருப்பவரே இழுத்தால் அது பத்து நொடி வேலை.

இன்னொன்று, கேட்கும் முறையே பதிலைக் கெடுக்கும். மாலையில் ஒருவர் வந்து ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் தொண்ணூறு என்ற பதில்தான் வரும். மறுநாளும் தொண்ணூறு. அதற்கடுத்த நாளும். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் போக வேண்டும், அவ்வளவுதான். சதவீதம் கேட்காமல், ‘இன்னும் என்னென்ன பாக்கி’ என்று டெவலப்பர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால் பாக்கி வெளியே வரும். தினமும் குழு கூடும் டெயிலி ஸ்க்ரம் பதினைந்து நிமிடம் இருப்பது அதற்குத்தான். அது மேலே அறிக்கை கொடுக்கும் இடமாக மாறினால், எல்லோரும் ஸ்க்ரம் மாஸ்டர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது.

இது எங்கள் சொந்த வியாக்கியானம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் நிறுவனம் பின்பற்றுவதாகச் சொல்லும் ஸ்க்ரம் கைடு என்ற விதிநூலின் 2020 நவம்பர் பதிப்பை எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரம் முறையை உருவாக்கிய கென் ஸ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதியது, பதின்மூன்று பக்கம்தான். ப்ராடக்ட் பேக்லாக், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் முழுப் பட்டியல், ஒளிவுமறைவின்றி, கண்ணுக்குத் தெரியும்படி, எல்லோருக்கும் புரியும்படி இருப்பதை உறுதிசெய்வது ப்ராடக்ட் ஓனரின் கணக்கில் இருக்கிறது. அந்த வேலையை அவர் வேறொருவரிடம் கொடுக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஸ்பிரிண்ட் பேக்லாக் டெவலப்பர்கள் தங்களுக்காகத் தாங்களே போடும் திட்டம். அதைத் தினமும் மாற்றியமைப்பதும், ‘முடிந்தது’ என்பதன் வரையறைக்குக் கட்டுப்படுவதும் அவர்கள் பொறுப்பு. ஸ்க்ரம் சரியாக நடக்கிறதா, குழு திறம்பட இயங்குகிறதா என்பதற்கு ஸ்க்ரம் மாஸ்டர் பதில் சொல்ல வேண்டும். டிக்கெட் நகர்த்துவது அவர் வேலை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இதற்கு முந்தைய 2017 பதிப்பிலும், எது மறைந்திருக்கிறது என்று மற்றவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்து அதைக் குறைப்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. கண்டுபிடிப்பவரையே எழுதுபவராகவும் ஆக்கினால், தான் எழுதிய கணக்கைத் தானே தணிக்கை செய்கிற கதை.

கணக்கைப் பற்றிப் பேசும்போது, இந்த ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகள் பலர் இங்கே செட்டிநாட்டில் இருந்தார்கள். அங்கே கடையை நடத்தியவர்கள் ஏஜெண்டு, அவருக்கு உதவியாக அடுத்தாள், பெட்டியடிப் பையன். நடுவே கடல். அன்றைக்கு நடந்தது அன்றைக்கே குறிப்பேட்டில் ஏறும், குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு, பேரேட்டிலிருந்து முடிவுக் கணக்கான ஐந்தொகைக்கு. கீழே உள்ளது எழுதப்படாமல் மேலே உள்ளது உருவாகாது. நீங்கள் கேட்பது, குறிப்பேடு எழுதுபவர்களை விட்டுவிட்டு, ஐந்தொகையை மட்டும் தினமும் ஆறு மணிக்கு ஒருவர் எழுதி அனுப்ப வேண்டும் என்பது. அழகாகத்தான் வரும். சென்னைக்கும் காரைக்குடிக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் தூரத்திலிருந்து பார்க்க உங்களுக்கு ஏதாவது வேண்டும், புரிகிறது. அதற்கு அடியில் இருக்கும் ஏடு உண்மையாக இருக்க வேண்டும்.

‘எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை’ என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். பொதுவாகப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடச் சொல்கிறோம். டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதை நகர்த்துவார், நிலை மாறிய அதே நேரத்தில். விடுப்பில் போனால் போகுமுன் பெயரை மாற்றிவிட்டுப் போவார். வேலை தடைபட்டால் கொடி போட்டு, யாருக்காகக் காத்திருக்கிறோம், எப்போதிலிருந்து என்று ஒரு வரி எழுதுவார். ‘ஏபிஐ வரலை’ (வேறு குழு தரும் மென்பொருள் இணைப்பு வரவில்லை) என்பது ஒரு வரி ஆகாது. ‘பேமெண்ட் குழுவின் டெஸ்ட் சாவி செவ்வாய் காலையிலிருந்து வேலை செய்யவில்லை, அவர்களிடம் டிக்கெட் போட்டாயிற்று’ என்பதுதான் வரி. பேக்லாக்கின் வரிசையும், ஒரு வேலை ஏன் மேலே ஏறியது என்ற காரணமும் ப்ராடக்ட் ஓனருடையது. வரிசை மாறியது என்று சொன்னால் போதாது, எதைக் கீழே தள்ளிவிட்டு இது ஏறியது என்பதும் தெரிய வேண்டும்.

ஸ்க்ரம் மாஸ்டர் பார்க்க வேண்டியது போர்டுக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை. மூன்று நாளாக ஒரே வரிசையில், ஒரு குறிப்பும் இல்லாமல் கிடக்கும் டிக்கெட் எது? புரோகிராம் கோடைச் சேமிக்கும் கிட்டில் கமிட், அதாவது புது மாற்றம், வருகிறது, அதற்கு போர்டில் டிக்கெட் இருக்கிறதா? ஒரே ஆள் பெயரில் நான்கு வேலை ‘நடக்கிறது’ வரிசையில் நிற்கிறதா? ஒரு ஸ்பிரிண்ட் முழுக்க ஒரு கொடிகூட விழவில்லையா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் மகிழக் கூடாது. தடையே இல்லாத ஸ்பிரிண்ட் அபூர்வம். கொடி போடப் பயப்படுகிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். ஒரு டிக்கெட்டில் சிவப்புக் கொடி ஏறினால் அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வருகிறது. ஸ்பீக்கரில், நான்கு பேர் கேட்க, ‘ஏன் முன்னாடியே சொல்லலை?’ சொன்னதால்தானே கூப்பிட்டீர்கள்! அடுத்த ஸ்பிரிண்டில் அந்த டெவலப்பர் கொடி போடுவதில்லை, டிக்கெட்டை ‘நடக்கிறது’ வரிசையிலேயே வைத்துக்கொள்கிறார். வேலையின் அளவுக்குக் குழு போடும் எண் பாயிண்ட், ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்டுகளின் கூட்டல் வெலாசிட்டி. அதை மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டு ஷீட் வந்த பிறகு, மூன்று பாயிண்ட் வேலை ஐந்து ஆனது, ஐந்து எட்டு ஆனது. வெலாசிட்டி ஏறியது, வேலை ஏறவில்லை. ஒரு குழுவின் பாயிண்ட் அந்தக் குழுவுக்குள் மட்டும் செல்லும் நாணயம், பக்கத்துக் குழுவில் மாற்றினால் மதிப்பில்லை. இப்போது போர்டின் தோற்றத்தையும் மதிப்பீட்டுப் புள்ளியில் சேர்க்கிறீர்கள். தோற்றம் நன்றாகிவிடும்.

‘முடிந்தது’ என்ற சொல்லில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் பெரிய மனத்தாங்கல். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆத்தங்குடி, கையால் தரைக்கல் செய்யும் ஊர். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையை வைத்து அழுத்துவார்கள். பூப்போட்ட முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். மேலேயிருந்து பார்த்தால் சாம்பல் நிறப் பலகை. அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெளியே எடுத்துக் காயவைத்த பிறகுதான் கல். ஊற்றி முடித்ததுமே ‘கல் ரெடி’ என்று வண்டியில் ஏற்றினால் தூக்கும்போதே மூலை உதிரும்.

எங்கள் புரோகிராம் கோடிலும் அப்படித்தான். டெவலப்பரின் லேப்டாப்பில் ஓடுவது, ஊற்றி முடித்த நிலை. எல்லோருடைய கோடும் ஒன்றாகும் மெயின் பிராஞ்சில் சேர்ந்து, இன்னொருவர் ரிவ்யூ பார்த்து, ஆட்டோமேட்டட் டெஸ்டுகள் பில்டு சர்வரில் பச்சையாகி, லைவுக்கு முந்தைய சோதனைத் தளமான ஸ்டேஜிங்கில் ஏறி, ஏற்பு நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, ரிலீஸ் குறிப்பில் ஒரு வரி எழுதிய பிறகுதான் ‘முடிந்தது’. இதுவே எங்கள் குழுவின் டெஃபினிஷன் ஆஃப் டன். சிக்கல் என்னவென்றால் சென்னைக் குழுக்கள் சிலவற்றில் மெயின் பிராஞ்சில் மெர்ஜ் ஆனாலே, அதாவது சேர்ந்தாலே, முடிந்தது, வேறு சிலவற்றில் ஸ்டேஜிங் வரை. உங்கள் ஒருங்கிணைந்த டாஷ்போர்டு இவை எல்லாவற்றையும் ஒரே பச்சையில் கூட்டிக் காட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் கிடையாது. நிறுவனத்துக்கென்று ஒரு குறைந்தபட்ச வரையறை இருந்தால் எல்லாக் குழுவும் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று அதே கைடு சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தை எழுத வேண்டியவர்கள் நீங்கள். இதுவரை எழுதவில்லை.

அடுத்தது, நாங்கள் பார்க்க முடியாத ஏடு. விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குகள் தனி எக்செல்லில் இருக்கின்றன. அந்த ஷீட் ப்ராடக்ட் ஓனருக்கே முழுதாகத் தெரியாது. ஸ்பிரிண்டின் ஆறாவது நாள், ‘இதை அவங்களுக்கு இந்த வெள்ளிக்கிழமை தர்றதா சொல்லியாச்சு’ என்று போன் வருகிறது. போர்டில் இல்லாத வேலை உள்ளே நுழைகிறது, போர்டில் இருக்கும் வேலை நகராமல் நிற்கிறது, மாலையில் ‘ஏன் நகரவில்லை’ என்று கேள்வி. ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கச் சொல்பவர்களிடம் ஒரு மறைவான பட்டியல் இருக்கும்வரை, எங்கள் ஸ்க்ரம் மாஸ்டர் எத்தனை டிக்கெட்டை நகர்த்தியும் பயனில்லை.

நீங்கள் கேட்கும் வேலையில் பாதியை இயந்திரமே செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜிராவோடு கிட் இணைக்கப்பட்டிருந்து, ஒரு வேலைக்காக டெவலப்பர் பிரித்தெடுக்கும் கோடு நகலான பிராஞ்சின் பெயரில் டிக்கெட் எண் இருந்தால் ஜிரா இரண்டையும் தானாகவே இணைத்துக்கொள்ளும். பிராஞ்ச் உருவானதும் ‘நடக்கிறது’, ரிவ்யூ கேட்கும் புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் ‘ரிவ்யூ’ என்று இரண்டு ஆட்டோமேஷன் விதி எழுதினால், மேலே சொன்ன அந்த 12.40 அந்த நிமிடத்திலேயே பதிவாகியிருக்கும். விதி எழுத அட்மின் உரிமை வேண்டும், அது சென்னையில் மட்டுமே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மெர்ஜ் ஆனதும் ‘முடிந்தது’ என்று மூன்றாவது விதி எழுத ஆசை வரும். அதை எழுதக் கூடாது. கடைசி அடியை ஒரு மனிதர், பட்டியலைப் பார்த்து, தன் கையால் வைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையில் ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவரைப் பொறுப்பாக்கும் பத்தியை முதல் தேதிக்கு முன் திரும்பப் பெறுங்கள். அந்த இடத்தில், டிக்கெட்டின் நிலைக்கு அதை வைத்திருக்கும் டெவலப்பரும், பேக்லாக்கின் வரிசைக்கும் காரணத்துக்கும் ப்ராடக்ட் ஓனரும், இடைவெளிகளைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவர ஸ்க்ரம் மாஸ்டரும், சொன்னவரைத் தண்டிக்காமல் இருக்க நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலை ஆறு மணி எக்செல்லை நிறுத்துங்கள். போர்டைப் பார்க்கும் அனுமதி உங்கள் எல்லோருக்கும் உண்டு. கேள்வி இருந்தால் டிக்கெட்டின் கீழேயே எழுதுங்கள், அதன் சொந்தக்காரர் அடுத்த வேலைநாளுக்குள் அங்கேயே பதில் எழுதுவார். கொடி போட்டவரை அன்று போனில் கூப்பிடாதீர்கள்.

வெலாசிட்டி, பர்ன்டவுன் (மீதி வேலையைக் காட்டும் சார்ட்), போர்டின் நிலை மூன்றையும் தனிநபர் மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குழுக்களை ஒப்பிடும் ஷீட்டையும்.

விற்பனைப் பிரிவின் வாக்குறுதி எதுவானாலும், கொடுத்த மறுநாளுக்குள் ப்ராடக்ட் ஓனர் வழியாக பேக்லாக்குக்கு வர வேண்டும். வராததை எந்த ஸ்பிரிண்டிலும் எடுக்க மாட்டோம். லைவில் விழுந்த கோளாறுக்கு மட்டும் விதிவிலக்கு, அதற்கும் டிக்கெட் போட்டுவிட்டுத்தான்.

நிறுவனம் முழுமைக்குமான குறைந்தபட்ச டெஃபினிஷன் ஆஃப் டன் ஒன்றை எழுத, குழுவுக்கு ஒருவர் என்று உட்காரவையுங்கள். எங்களுடையதை வரைவாக எடுத்துக்கொள்ளலாம்.

காரைக்குடியில் ஒருவருக்காவது ஜிரா ஆட்டோமேஷன் எழுதும் உரிமை கொடுங்கள். இந்த வாரமே கொடுத்தால் அடுத்த ஸ்பிரிண்டின் முதல் நாளே இரண்டு விதிகளும் ஓடத் தொடங்கும்.

மூன்று ஸ்பிரிண்ட் எங்களுக்கு அவகாசம் வேண்டும், அதாவது ஆறு வாரம். அதன் முடிவில் நடக்கும் ஸ்பிரிண்ட் ரிவ்யூவுக்கு உங்களில் ஒருவர் பல்லவன் ரயிலில் ஏறி நேரில் வாருங்கள். ‘முடிந்தது’ வரிசையிலிருந்து எந்த டிக்கெட்டை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுங்கள், ஸ்டேஜிங்கில் திறந்து காட்டுகிறோம். ஓடவில்லையென்றால், அந்த டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுந்து பதில் சொல்வார்.

காரைக்குடிக் கிளையிலிருந்து,
ஒன்பது பேர்